படம் இருக்கிறது, விவரம் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

விழாப் படங்களைக் கேமரா இட்ட 'டிஎஸ்சி_0412' என்ற பெயரிலேயே ஹார்டு டிஸ்க்கில் கொட்டிவைக்கும் வழக்கம் ஸ்டுடியோக்களில் மட்டுமன்றி அலுவலகங்களிலும் தொடர்கிறது. நாள், இடம், எடுத்தவர், உரிமை ஆகியவற்றைப் படக் கோப்பினுள்ளேயே பதியும் ஐபிடிசி முறை 1990களிலிருந்தே புழக்கத்தில் உள்ளது. இலவசமாகக் கிடைக்கும் டிஜிகாம் உட்படப் பல மென்பொருள்கள் அதைக் கொண்டே வேண்டிய படத்தைத் தேடித் தருகின்றன. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் இவ்விவரங்கள் போய்விடும் (டாக்குமென்ட்டாக அனுப்பினால் தங்கும், இதைப் பலர் கவனிப்பதில்லை). புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் ஆய்வாளர்களுக்கு இன்றும் கைகொடுப்பது, அவை முறையாக வகைப்படுத்தப்பட்டிருப்பதால்தான். அரசு விழாக்களைப் படமெடுக்கும் ஒப்பந்தங்களில், விவரம் பதியாத கோப்புக்குப் பணம் இல்லை என்று ஒரு வரி சேர்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை