கேணியும் வெள்ளவாய்க்காலும்: திருப்பணி நிறைவு அறிக்கை

அன்பான அங்கத்தவர்களுக்கு வணக்கம்.

ஆவணியில் தொடங்கிய வேலை ஐப்பசி மழை இறங்குவதற்கு முன்னர் முடிந்துவிட்டது. கோவில் கேணி தூர்வாரப்பட்டது. வடக்குப் படிக்கட்டில் பெயர்ந்து கிடந்த பொழிகற்கள் திரும்பப் பதிக்கப்பட்டன. கேணிக்கு வரும் வெள்ளவாய்க்கால் கிழக்கு ஒழுங்கை முழுவதும் துப்புரவாக்கப்பட்டு, மூன்று இடங்களில் மதகு போடப்பட்டது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனித்தாளில் தந்திருக்கிறார், அதை இங்கே திரும்ப எழுதவில்லை.

இந்த அறிக்கை வேறொரு கேள்விக்கான பதில். கூடுதலாகக் காசு தந்தது நடு ஒழுங்கை ஆட்கள், பிறகு ஏன் கிழக்கு ஒழுங்கையில் தொடங்கினீர்கள் என்று பலர் கேட்டார்கள். கனடாவிலிருந்தும் தொலைபேசியில் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

முன்பெல்லாம் கூட்டத்தில் யார் உரத்துப் பேசினாரோ அவருடைய படலையடியில்தான் முதல் லோட் கிரவல் இறங்கும். (இந்தக் குழுவில் இருக்கும் சிலரும் அப்படிப் பேசியவர்கள்தான்.) இம்முறை ஒழுங்கை ஒழுங்கையாகப் புள்ளி போட்டு, கூடிய புள்ளிக்கு முதலிடம் என்று முடிவெடுத்தோம். பல்கலைக்கழகத்தில் படிக்கும் நம் பிள்ளைகள் இருவர் எக்செல் தாள் தயாரித்துத் தந்தார்கள்.

அரச தரவு இருக்கிறதே, அதையே எடுத்தால் என்ன என்று முதலில் யோசித்தோம். யாழ் மாவட்டத்தில் 435 கிராம அலுவலர் பிரிவுகள் உண்டு, தரவு பெரும்பாலும் பிரிவுக்கு ஒன்றாகத்தான் கிடைக்கும். எங்கள் குறிச்சியோ ஒரு பிரிவுக்குள் ஒரு மூலை. கோவிலடி மேடு, கேணியடி பள்ளம், இரண்டுக்கும் ஒரே எண் என்றால் அது எங்களுக்கு உதவாது.

ஆகவே நாங்களே அளந்தோம். வலிகாமத்தில் நிலம் தட்டை, சாய்வு கண்ணுக்குத் தெரியாது. மேசன் தன்னுடைய மட்டக்குழாயைக் கொண்டு வந்தார். நீளமான, உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் ரியூப், அதற்குள் தண்ணீர், நுனிகளை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர். ஒரு முனையைக் கேணி வாசற்படியில் பிடித்து, மறு முனையை மதிலோடு மதிலாகக் கொண்டுபோய், தண்ணீர் நின்ற இடத்தில் கரிக்கட்டியால் கோடு கீறினார். ரியூப்பில் ஒரு காற்றுக்குமிழி இருந்தாலும் கோடு பிழைத்துவிடும் என்று இரண்டு தரம் தண்ணீரை ஊற்றிவிட்டுத் திரும்ப நிரப்பினார். 2008 கார்த்திகையில் நிஷா புயலின்போது வெள்ளம் எந்தப் படி வரை வந்தது என்று வீட்டுக்கு வீடு கேட்டு, அதையும் அந்தக் கோட்டோடு ஒப்பிட்டோம். சில வீடுகளில் ஞாபகமும் கோடும் ஒத்துவரவில்லை. அப்படியான இடத்தில் கோட்டைத்தான் நம்பினோம்.

ஒவ்வொரு ஒழுங்கைக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மூன்று புள்ளிகள். வெள்ளம் எவ்வளவு நிற்கும் என்பது ஒன்று. வந்தால் அகப்படுவது எத்தனை பேர், அவர்களில் தனியே இருக்கும் முதியவர், படுக்கையில் கிடப்பவர், கைக்குழந்தை உண்டா என்பது அடுத்தது. வெளியேற வழி எவ்வளவு மோசம் என்பது மூன்றாவது. புள்ளி என்றதும் பலருக்கு அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசுமதான் ஞாபகம் வந்தது. 2023இல் 22 குறிகாட்டிகளை வைத்துக் குடும்பங்களைத் தரம்பிரித்து, ஒருவருக்குக் கிடைத்தது பக்கத்து வீட்டுக்குக் கிடைக்காமல் போன கதை எல்லோருக்கும் தெரியும். "எங்கட வீட்டில ஃபிரிஜ் இருக்கோ எண்டும் கேப்பியளோ?" என்று ஒரு மாமி படலையிலேயே மறித்தார். நாங்கள் புள்ளி போடுவது நிலத்துக்கும் ஒழுங்கைக்கும், குடும்பத்துக்கு அல்ல என்று சொன்ன பிறகுதான் தேநீர் கிடைத்தது. அதனால்தான் வாசிகசாலையில் ஒட்டிய தாளில் ஒரு வீட்டு இலக்கம்கூட இல்லை.

முதல் தாளில் மூன்றையும் கூட்டினோம். நடு ஒழுங்கைக்கு 5, 1, 5. தண்ணீர் முழங்கால் வரை நிற்கும், முட்டு ஒழுங்கை, வெளியேற வழியில்லை, ஆனால் ஆட்கள் குறைவு. கிழக்கு ஒழுங்கைக்கு 4, 3, 4. இரண்டும் 11. கூட்டினால் ஓர் அம்சத்தின் குறையை இன்னோர் அம்சத்தின் மிகுதி மூடிவிடுகிறது. ஆளே இல்லாத வயலில் எவ்வளவு வெள்ளம் நின்றாலும் யாருக்கும் ஆபத்தில்லை அல்லவா? ஆகவே பெருக்கினோம். நடு ஒழுங்கை 25, கிழக்கு ஒழுங்கை 48. இது எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. நாடுகளின் அனர்த்த ஆபத்தைக் கணிக்கும் 'இன்ஃபோம்' சுட்டெண்ணும் இப்படி மூன்று அம்சங்களைப் பெருக்கித்தான் வருகிறது. ஐ.நா.வின் மனித அபிவிருத்திச் சுட்டெண்ணும் 2010இல் சாதாரண சராசரியைக் கைவிட்டுப் பெருக்கல் சராசரிக்கு மாறியது.

48க்கு 25. சரி என்று கிழக்கில் மண்வெட்டி போட்டோம்.

பிழை அதற்குப் பிறகுதான் தெரியவந்தது. வெள்ளத்தோடு நுளம்புக்கும் ஒரு தனித்தாள் வைத்திருந்தோம். நூறு வீட்டுக்கு எத்தனை பாத்திரங்களில் குடம்பி (நுளம்புப் புழு) என்று சுகாதாரப் பகுதியினர் எண்ணும் அதே முறை. அந்தத் தாளில் குறிச்சியிலேயே சுத்தமான இடம் நடு ஒழுங்கை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அதைப் பார்த்துவிட்டு, "பூட்டின வீட்டுக்கு என்ன போட்டனீங்கள்?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். ஒன்றும் போடவில்லை. உள்ளே போக முடியாததால் கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தோம், எக்செல் வெறுமையைப் பூச்சியமாக எடுத்துக் கூட்டிவிட்டது. பார்க்காத வீடெல்லாம் பிழையில்லாத வீடாகிவிட்டது.

உறவினரிடம் திறப்பு வாங்கி ஒரு வளவுக்குள் போனோம். தண்ணீர்த் தாங்கியின் மூடி காற்றில் பறந்து முற்றத்தில் கிடந்தது. ஏணி வைத்து ஏறி, நீளக் காம்பு அகப்பையால் அள்ளி வெள்ளைக் கோப்பையில் ஊற்றினால், குடம்பிகள் நெளிந்தன. கோப்பைக்கு மேல் தலையை நீட்டி நிழல் விழுந்ததும் எல்லாம் ஒன்றாக அடிக்கு இறங்கின. பின்பக்கம் பீலியில் மாவிலைச் சருகு அடைத்து நீர் தேங்கியிருந்தது. பாவிக்காத கிணறு மூடாமலே கிடந்தது. கிணறு கொஞ்சம் உவர், அதில் நுளம்பு வராது என்று யாரும் ஆறுதல்பட வேண்டாம். டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு உவர்நீரிலும் பெருகுவதை யாழ்ப்பாணத்தில் ஆய்வு செய்தே எழுதியிருக்கிறார்கள்.

அதோடு இன்னொன்றும் தெரிந்தது. பூட்டிய வீடு என்று நாங்கள் எழுதிய இரண்டில், பின் அறையில் ஆள் இருக்கிறார். ஒருவர் காவலுக்குப் படுக்க வரும் எண்பது வயது ஐயா. பகலில் போய்ப் படலையைத் தட்டிவிட்டு வந்த எங்கள் தாளுக்கு அவர் இரவில் அங்கே இருப்பது எப்படித் தெரியும்? நடு ஒழுங்கையில் ஆட்களுக்கான புள்ளியை 1இலிருந்து 2 ஆக மாற்றினோம். 25 ஐம்பதாகியது. கிழக்கின் 48ஐத் தாண்டிவிட்டது.

ஆகவே நடு ஒழுங்கைக்காரர் கேட்டதில் நியாயம் இருந்தது, அதை ஒளிக்காமல் எழுதுகிறோம். ஒரே ஒரு புள்ளி மாறி வரிசை தலைகீழாகும் என்றால், 48க்கும் 50க்கும் இடையிலுள்ள வித்தியாசத்தைப் பெரிதாக எடுக்கவும் கூடாது. என்றாலும் வேலையை நிறுத்தவில்லை. காரணத்தைச் சொன்னது புள்ளித்தாள் அல்ல, மேசன். வாய்க்காலைக் கேணிப் பக்கமிருந்துதான் மேலே வெட்டிக்கொண்டு போக வேண்டும். நடு ஒழுங்கையை முதலில் திறந்துவிட்டால் அந்தத் தண்ணீர் முழுவதும் கிழக்கு ஒழுங்கை வீடுகளுக்குள் இறங்கும். எந்த ஒழுங்கையின் தண்ணீர் எந்த ஒழுங்கைக்குப் போகிறது என்று எங்கள் தாளில் ஒரு நிரல்கூட இருக்கவில்லை. இருந்திருக்க வேண்டும்.

கிணற்றுநீரைப் பற்றியும் சிலர் கேட்டார்கள். கிணற்றில் கலந்து கைக்குழந்தைகளுக்கு ஆபத்தாகும் நைத்திரேற்றை இந்தப் புள்ளிகளோடு சேர்க்க வேண்டாம் என்று தீர்மானித்தோம். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டிய கிணற்றின் ஒழுங்கையில் வெள்ளம் வராதென்றால், சராசரி நல்லதாகத்தான் காட்டும், கைக்குழந்தைக்கு அந்தச் சராசரியால் பயனில்லை. சுண்ணக்கல்லில் வெடிப்பும் குகையும் இருப்பதால் மலக்குழியிலிருந்து தூரத்தை மட்டும் அளந்து புள்ளி போடவும் முடியாது. வெங்காயத் தோட்டத்துப் பசளையும் அதே வழியால்தான் இறங்குகிறது. நீரைக் கொடுத்துப் பரிசோதிப்பதே வழி. கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது, நீர் வற்ற வற்ற செறிவு கூடத்தான் செய்யும். ஒழுங்கை அழுக்கு கேணிக்குள் போய்க் கிணறுகளைக் கெடுக்காமலிருக்க, கேணி வாயில் வண்டல் தொட்டி ஒன்று கட்டியிருக்கிறோம். முதல் மழைத் தண்ணீரை வெளியே திருப்பிவிடப் பலகையும் உண்டு. பலகை கோவில் மடத்தில், வாகனசாலைக் கதவுக்குப் பின்னால்.

நடு ஒழுங்கை வாய்க்கால் தை பிறந்ததும் வெட்டப்படும், அதற்கான காசு ஒதுக்கப்பட்டிருக்கிறது. பூட்டிய வீடுகளின் திறப்பு யாரிடம் என்ற விபரம் செயலாளரிடம் மட்டும் இருக்கும். வெளிநாட்டிலுள்ள உரிமையாளர்கள் தாங்கிகளை வெறுமையாக்கவும் கிணற்றுக்கு வலை போடவும் ஒரு சொல் அனுமதி அனுப்பினால், மாரிக்குள் பிள்ளைகள் செய்து தருவார்கள். புள்ளித்தாளில் பார்க்காத வீட்டுக் கட்டங்கள் இப்போது மஞ்சளில் இருக்கின்றன. தாள் வாசிகசாலைச் சுவரில், திருத்துவதற்குப் பென்சில் நூலில் கட்டித் தொங்குகிறது.

திருப்பணிக் குழு