இங்கிலாந்தில் இருக்கும் நம்ம ஊர்க்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகள் எல்லோருக்கும் காரைக்குடியிலிருந்து வணக்கம்.

போன திருவிழாவுக்கு வந்திருந்தபோது உங்களில் நிறையப் பேர் ஒரே விஷயத்தைத்தான் பேசினீர்கள். "நாங்க விசாவுக்கு லட்சக்கணக்குல கட்டிட்டுப் போனோம், இந்த அகதிங்க பிரான்ஸ்லேருந்து ரப்பர் படகுல ஏறி வந்துடுறானுங்க, கடல்ல காப்பாத்துற லைஃப்போட்டும் டாக்ஸி மாதிரி போய் ஏத்திக்கிட்டு வருது." எரிச்சல் புரிகிறது, நியாயமும் இருக்கிறது. அதைக் கொண்டுபோய் லைஃப்போட் மேல் காட்டுவதுதான் எனக்கு ஒப்பவில்லை.

டாக்ஸி என்று 2021ல் ஆரம்பித்து வைத்தது குடியேற்றத்தை எதிர்க்கும் அரசியல்வாதி நைஜல் ஃபராஜ். அவர் திட்டிய ஆர்என்எல்ஐ, அந்த லைஃப்போட்டுகளை ஓட்டும், 1824லிருந்து இருக்கும் தொண்டு நிறுவனம், பெரும்பாலும் நன்கொடையில் ஓடுவது. படகில் போகிறவர்களில் முக்கால்வாசிக்கு மேல் சம்பளமே இல்லாதவர்கள், பேஜர் அடித்தால் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடுகிறவர்கள். (அவர் பேசிய பிறகு நன்கொடை கூடியது என்பது தனிக் கதை.)

அதே 2021 நவம்பர் 23 ராத்திரி. பிரான்ஸுக்கும் இங்கிலாந்துக்கும் நடுவே இருக்கும் ஆங்கிலக் கால்வாயில் ஒரு படகுக்குள் தண்ணீர் ஏறுகிறது, உள்ளே இருந்தவர்கள் ராத்திரி முழுக்க போன் மேல் போன் போடுகிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் "நீங்கள் இங்கிலாந்துக் கடலில் இருக்கிறீர்கள், அங்கே கூப்பிடுங்கள்" என்கிறார்கள். இங்கிலாந்துப் பக்கம் கூப்பிட்டால் பிரான்ஸைக் கூப்பிடச் சொல்கிறார்கள். மறுநாள் மதியத்துக்கு மேல் மீன்பிடிப் படகு ஒன்றின் கண்ணில் பட்டது மிதந்த உடல்கள். குறைந்தது 27 பேர் செத்தார்கள், பிழைத்தது ரெண்டே பேர். அந்த ராத்திரி வராத டாக்ஸியைப் பற்றியும் பேசுங்களேன்.

காப்பாற்றக் காப்பாற்றத்தானே வருகிறார்கள் என்பீர்கள். படகேற்றி அனுப்பும் ஏஜென்ட்டுகள் இதை வைத்துக் காசு பார்ப்பது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் காப்பாற்றுவதை நிறுத்திப் பார்த்தாயிற்று. 2013 அக்டோபரில் இத்தாலியின் லாம்பெதூசா தீவுப் பக்கத்தில் 360க்கும் மேற்பட்டவர்கள் மூழ்கிய பிறகு இத்தாலி மாரே நாஸ்ட்ரம் என்று கடற்படையை இறக்கி, ஒரே வருஷத்தில் லட்சத்துக்கு மேல் ஆட்களைக் கடலிலிருந்து காப்பாற்றியது. இது ஆள் இழுக்கும் வேலை என்று குறை சொன்னவர்களில் பிரிட்டன் அரசும் உண்டு. 2014 அக்டோபரில் அதை முடித்தார்கள். வருகிறவர்கள் நின்றார்களா? 2015 ஏப்ரலில் ஒரே படகு மூழ்கி 800 பேர் வரை செத்தார்கள்.

இந்த இடத்தில் பர்மா கதையை இழுக்கப்போவதில்லை. 1942ல் அரக்கான் வழியாக நடந்து வந்த நம்மவர்கள் சொந்த ஊருக்குத் திரும்பியவர்கள், அது வேறு. இதற்குப் பொருத்தம் 1986 ஆகஸ்ட். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரைக்கு அப்பால், பனிமூட்டத்தில், ரெண்டு உயிர்காப்புப் படகில் 155 ஈழத் தமிழர்கள். கஸ் டால்டன் என்ற மீனவர் பார்த்து ஏற்றினார். இந்தியாவிலிருந்து வந்ததாக அவர்கள் முதலில் சொன்னது பொய், கிளம்பிய இடம் ஜெர்மனி. பொய் வெளியே வந்ததும் கனடாவில் கோபப்பட்டவர்களும் உண்டு. அதையெல்லாம் கரையில் வைத்துக் கேட்டுக்கொள்ள முடிந்தது, ஆட்கள் உயிரோடு இருந்ததால்.

அவ்வளவு தூரம் கூட வேண்டாம், நம்ம தொண்டிக்குத் தெற்கே வாருங்கள். 2022ல் இலங்கை நெருக்கடியில், காசை வாங்கிக்கொண்டு படகுக்காரர்கள் குழந்தை குட்டிகளோடு வந்தவர்களை அரிச்சல்முனைப் பக்கம் மணல் திட்டில் இறக்கிவிட்டுத் திரும்பினார்கள். நம் கடலோரக் காவல்படை ஹோவர்கிராஃப்டில் போய் ஏற்றி வந்தது. அப்புறம் விசாரணை, அப்புறம் மண்டபம் அகதிகள் முகாம். 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்தே போடாத நாடு இது, வந்தவர்களுக்கு அகதி என்ற தகுதியும் லேசில் கிடைக்கவில்லை. அதற்காகத் திட்டில் விட்டுவைக்கவில்லையே. கடலில் தவிப்பவரை எந்த நாட்டவர், என்ன தகுதி என்று பாராமல் தூக்க வேண்டும் என்றுதான் 1979 தேடல் மீட்பு உடன்படிக்கையும் சொல்கிறது. தங்கலாமா கூடாதா என்பது அதற்கு அப்புறம் வருகிற கேள்வி.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். காமன்வெல்த் நாட்டவர் என்பதால் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் உங்களுக்கும் அங்கே ஓட்டு உண்டு. வேட்பாளர் வாசலுக்கு வந்தால் அகதி மனுவை எத்தனை மாதத்தில் முடிப்பீர்கள், தகுதியில்லாதவரை எப்படி அனுப்புவீர்கள் என்று கறாராகவே கேளுங்கள். கூடவே, ராத்திரி மூன்று மணிக்குக் கடலிலிருந்து போன் வந்தால் எடுக்கவும், படகை அனுப்பவும் கால்வாய்க் கரையில் இருக்கும் டோவரில் போதுமான ஆள் இருக்கிறார்களா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.