உள்துறை அமைச்சருக்கு: என் தங்கையின் அடையாள அட்டையைத் திருத்திக் கொடுங்கள்

மாண்புமிகு மலேசிய உள்துறை அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். என் தங்கை ஒரு திருநங்கை. போன மாதம் அவளுக்கு டெங்கி காய்ச்சல் கண்டு ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். பதிவு முகப்பில் இருந்த தாதி அட்டையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அட்டையில் ‘லெலாக்கி’ (மலாயில் ஆண்) என்று இருக்கிறது. பஞ்சாபி சூட்டும் பொட்டுமாக, நிற்க முடியாமல் என் தோளில் சாய்ந்திருந்தாள் அவள். ஆண்கள் வார்டில்தான் கட்டில் கொடுத்தார்கள்.

நான்கு நாள். திரையை இழுத்துவிட்டுக்கொண்டு படுத்திருந்தாள். பக்கத்துக் கட்டிலுக்கு வந்தவர்கள் அதை விலக்கி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். டெங்கிக்குத் தண்ணீர்தான் மருந்து, நிறைய குடிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிக்கொண்டே இருந்தார். இவள் குடிக்கவில்லை. குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டுமே! பார்வையாளர் நேரத்துக்குக் காத்திருந்து, அம்மா வந்து கதவருகே நின்ற பிறகுதான் போய்வருவாள்.

அந்தத் தாதிமேல் எனக்குக் கோபம் இல்லை. அட்டையில் இருந்ததைத்தான் அவர் பார்த்தார். அட்டையைக் கொடுத்தது உங்கள் அமைச்சின் கீழுள்ள தேசியப் பதிவுத் துறை. பாலினம் மட்டுமல்ல, அடையாள அட்டை எண்ணின் 12 இலக்கங்களில் கடைசி இலக்கமும் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். வங்கியிலோ வேலை விண்ணப்பத்திலோ எண்ணை எழுதினாலே போதும், அது அவளைக் காட்டிக் கொடுத்துவிடும். இரண்டையும் திருத்திக் கொடுங்கள். இதைத்தான் கேட்கிறேன்.

முடியாத காரியம் இல்லை. 2005-இலும் 2016-இலும் உயர் நீதிமன்றம் இப்படித் திருத்தச் சொன்னது. 2016 தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீட்டுக்குப் போனது உங்கள் துறைதான். அடுத்த ஆண்டே அது ரத்தானது. மதத்தைக் காரணம் காட்டுகிறார்கள். நாங்கள் இந்துக்கள், இஸ்லாமிய ஷரியா சட்டம் எங்களுக்குப் பொருந்தாது. ஓரினச் சேர்க்கைக்கு மரண தண்டனை வைத்திருக்கும் இஸ்லாமிய நாடான ஈரானை நான் முன்மாதிரியாகச் சொல்லவில்லை. ஆனால் அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்கு அங்கேகூட ஆவணத்தை மாற்றித் தருகிறார்கள்.

முஸ்லிம் திருநங்கைகளின் பாடு இன்னும் கொடுமை. பெண் உடை அணிவதே குற்றம் என்ற நெகிரி செம்பிலான் மாநில ஷரியா சட்டம் செல்லாது என்று 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. மறு ஆண்டே நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம், வழக்குத் தொடுத்த முறை சரியில்லை என்று அந்தத் தீர்ப்பைத் தள்ளிவிட்டது. 2023-இல், எங்கள் தங்கை போன்றவர்களின் அடையாளமான வானவில் நிறம் என்பதற்காக 172 கைக்கடிகாரங்களை உங்கள் அமைச்சு பறிமுதல் செய்தது. அப்புறம், அவற்றை வைத்திருந்தால் 3 ஆண்டு வரை சிறை என்றது. கடிகாரங்களைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. கடிகாரத்துக்குக் காட்டிய அக்கறையில் கொஞ்சம் மனுஷிக்குக் காட்டக் கூடாதா?

சரி, சொல்ல வந்ததிலிருந்து விலகிவிட்டேன், மன்னியுங்கள். அடையாள அட்டையைத் திருத்த விண்ணப்பிக்கும் வழியைத் தயவுசெய்து திறந்துவிடுங்கள். அதுவரைக்கும், எந்த வார்டில் படுப்பது என்பதை நோயாளியிடமே கேட்கும்படி சுகாதார அமைச்சிடம் பேசுங்கள். வரும் வாரம் அவளுக்கு மறுபரிசோதனை இருக்கிறது. போக மாட்டேன் என்கிறாள்.

பணிவுடன்,
ஓர் அக்கா