கோயில் வாசல் சமுதாயக் கூடம்: திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். எம்.பி. நிதியில் கட்டிய கூடம் முடிந்து, சாவியும் ஊராட்சி அலுவலகத்துக்குப் போய்விட்டது. ‘எம்.பி. கொடுத்த பணம் எங்கே’ என்று டீக்கடையில் ஆளாளுக்குக் கேட்கிற கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறோம்: எம்.பி. நிதியில் ஒரு ரூபாய்கூடத் திருப்பணிக் குழுவின் கைக்கு வரவில்லை, வரவும் வராது. அந்தப் பணம் எம்.பி. கையிலேயே கிடையாது.

ஒவ்வொரு எம்.பி.க்கும் வருடத்துக்கு 5 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி என்று பேப்பரில் வருகிறதே, அதில் அவர் செய்வது ‘இந்த ஊரில் இந்த வேலையைச் செய்து கொடுங்கள்’ என்று கலெக்டருக்குப் பரிந்துரைப்பது மட்டும்தான். இடம் யாருடையது, எஸ்டிமேட் சரியா என்று பார்த்து நிர்வாக அனுமதி கொடுப்பது கலெக்டர். நம் வேலையில் அதற்கப்புறம் ஒன்றிய அலுவலகம் டெண்டர் விட்டு, ஓவர்சீயர் வந்து அளந்து எம்-புக் என்கிற அளவுப் புத்தகத்தில் ஏற்றி, பிறகுதான் காண்ட்ராக்டருக்குப் பில் பாஸ் ஆனது.

நாம் முதலில் போனது கூடத்துக்காக இல்லை என்பது பழைய உறுப்பினர்களுக்குத் தெரியும். கும்பாபிஷேகம் முடிந்த கையோடு, பாக்கி நின்ற முன்மண்டபத்துக்கு எம்.பி.யிடம் கேட்கலாம் என்று மனு எழுதிக்கொண்டு போனோம். உதவியாளர் முதல் வரியைப் படித்ததுமே திருப்பிக் கொடுத்துவிட்டார். கோயிலோ மசூதியோ சர்ச்சோ, வழிபாட்டு இடத்துக்குள் இந்த நிதியில் ஒரு செங்கல்கூட வைக்க முடியாது. சரி, கோயிலுக்கு வெளியே நந்தவனம் காலியாகத்தானே கிடக்கிறது என்றால், கோயிலுக்குச் சொந்தமான நிலமும் கூடாதாம். விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் போனது நம் தப்புதான், அந்தப் பயணச் செலவை யார் தலையிலும் கட்டவில்லை, போனவர்களே போட்டுக்கொண்டோம்.

அப்புறம்தான் வாசலுக்கு எதிரே முள் மண்டிக் கிடந்த புறம்போக்கு ஞாபகத்துக்கு வந்தது. பால்குடம் எடுக்க வருகிற ஜனம் மழையில் நிற்பதும், கோயிலில் தாலி கட்டிவிட்டுத் தெருவில் பந்தல் போட்டுச் சாப்பாடு போடுவதும் அங்கேதானே. நிலம் யாருடையது என்று காட்டும் அ-பதிவேட்டு நகலும், அதன் அளவைக் காட்டும் புலப்படமும் வி.ஏ.ஓ.விடம் வாங்கி, ஊராட்சி மன்றத்தில் தீர்மானம் போட வைத்தோம். இதில் தலைவர் காட்டிய அக்கறையைச் சொல்லாமல் விட முடியாது.

நம் தொகுதி எம்.பி.யிடம் கேட்காமல் ராஜ்யசபா எம்.பி.யிடம் ஏன் போனீர்கள் என்று சிலருக்கு வருத்தம். கேட்டோம். அவருக்கு ஆறு சட்டமன்றத் தொகுதி ஊர்கள் வரிசையில் நிற்கின்றன, அந்த வருடத்துப் பட்டியல் ஏற்கெனவே முடிந்திருந்தது. ராஜ்யசபா உறுப்பினரை நாம் ஓட்டுப் போட்டு அனுப்புவதில்லை, எம்.எல்.ஏ.க்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள், நம் தெருவுக்கு அவர் கும்பிடு போட்டு வந்ததும் இல்லை. ஆனால் மாநிலம் முழுக்க எந்த மாவட்டத்துக்கு வேண்டுமானாலும் அவர் பரிந்துரைக்கலாம். இதை நமக்குச் சொன்னது சென்னையில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பையன்தான். ஓட்டுக்கு அவசியமே இல்லாத ஊருக்கு ஒருவர் கையெழுத்துப் போட்டார் என்பதை மட்டும் பதிவு செய்கிறோம். கட்சி பார்த்துப் பேசுகிறவர்கள் பேசட்டும்.

மனு கொடுத்தது 2020 பிப்ரவரி. ஏப்ரலில் கொரோனாவைச் சொல்லி இந்த நிதியை மத்திய அரசு இரண்டு வருடத்துக்கு நிறுத்திவிட்டது. 2021 நவம்பரில் திரும்பக் கொடுத்தபோதும் அந்த வருடத்தின் மிச்ச மாதங்களுக்கு ஆளுக்கு 2 கோடிதான். பணத்தைக் குழு அமுக்கிவிட்டது என்று பேச்சு கிளம்பியதும் இந்த இடைவெளியில்தான். பழைய மனு செல்லாது என்று புதிதாக எழுதி, தீர்மான நகலை மறுபடி இணைத்து, ஒரு அலுவலகத்தில் அந்தக் கோப்பே காணாமல் போய்க் கிடைத்து... பொருளாளர் செருப்பு தேய்ந்த கதையை அவரே கூட்டத்தில் சொல்வார்.

வேலை நன்றாகவே நடந்தது. கான்கிரீட் போட்ட அன்று நம் ஆட்கள் கூடவே நின்றார்கள், கம்பி கட்டியதில் ஒரு குறை சொல்லி மாற்றவும் வைத்தார்கள். ஆனால் எஸ்டிமேட்டில் சமையல்கட்டு கிடையாது. வாசல் படிக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலி ஏறச் சாய்தளமும் இல்லாமல் விட்டிருந்தார்கள், சொல்லிச் சொல்லித்தான் கடைசியில் போட்டார்கள். ஆறு மின்விசிறி, தண்ணீர்த் தொட்டி, பின்பக்கத் தகரக் கொட்டகை மூன்றும் நம் வசூல் பணம். அவற்றை ஊராட்சிக்கு எழுதிக் கொடுத்தாகிவிட்டது.

இப்போது சாவி விஷயம். கட்டடம் ஊராட்சிச் சொத்து, கோயிலுக்கோ குழுவுக்கோ அல்ல. வாடகையை நிர்ணயிப்பதும் வாங்குவதும் ஊராட்சி. நம் கோயில் மண்டபம், நம் பக்கத்து ஆட்களுக்குத்தான் என்று யாரும் நினைக்க வேண்டாம். எல்லாத் தெருவுக்கும் எல்லா மதத்துக்கும் அது பொது. முதல் விசேஷமே கீழத்தெருவில் ஒரு வளைகாப்புதான். அன்று முகம் சுளித்தவர்கள் இரண்டு பேர், இருவரும் குழுவில் இருப்பவர்கள் என்பதை வெட்கத்தோடு எழுதுகிறோம்.

கல்வெட்டில் திட்டத்தின் பெயர், எம்.பி. பெயர், செலவுத் தொகை, வருடம் எல்லாம் இருக்கின்றன. குழுவினர் பெயர்களையும் சேர்க்கச் சொல்லி நாலு பேர் சண்டை பிடித்தார்கள், ஓவர்சீயர் முடியாது என்றுவிட்டார். எங்களுக்கும் அதில் வருத்தமில்லை.

வசூல் நோட்டும் ரசீதுகளும் பொருளாளர் வீட்டில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் வந்து புரட்டிப் பார்க்கலாம். கையில் மிச்சமிருக்கும் பணத்தை முன்மண்டபத்துக்குத் திருப்பலாமா, கூடத்துக்குப் பாத்திரம் வாங்கலாமா என்று ஆடி முதல் வெள்ளிக்கு முன்னால் கூட்டம் போட்டு முடிவு செய்கிறோம். இந்தத் தடவை கூட்டம் கூடத்திலேயே. வாடகை கட்டித்தான்.