நார்மன் லியர் எழுத்தை விடவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களை உருவாக்கிய நார்மன் லியர் பற்றி வந்த கட்டுரையில், அவர் 'சினிமா எழுத்தை விட்டுத் தயாரிப்பாளராகிவிட்டார்' என்று ஒரு வரி. நம்மூரில் தயாரிப்பாளர் என்றால் பணம் போடுபவர். அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரில் அந்தப் பெயருக்கு வேலையே வேறு. வசனத்தின் கடைசித் திருத்தம், நடிகர் தேர்வு, எடிட்டிங் மூன்றும் அவர் பொறுப்பு. எழுதியதைக் காப்பாற்றத்தான் லியர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

1950களில் எட் சிம்மன்ஸோடு சேர்ந்து டீன் மார்ட்டின், ஜெர்ரி லூயிஸ் நகைச்சுவை ஜோடிக்கு எழுதியவர் அவர். பிறகு இயக்குநர் பட் யார்கினுடன் டேண்டம் என்ற தயாரிப்பு நிறுவனம். 1967இல் வந்த 'டைவர்ஸ் அமெரிக்கன் ஸ்டைல்' படத்தின் திரைக்கதைக்கு ஆஸ்கர் பரிந்துரை.

லியரின் 'ஆல் இன் தி ஃபேமிலி' தொடர் ஒரு பிரிட்டிஷ் தொடரைத் தழுவியது. மற்ற இனத்தாரை வாய்க்கு வந்தபடி ஏசும் ஆர்ச்சி பங்கர்தான் குடும்பத் தலைவர். ஏபிசி சேனலுக்காக 1968, 1969 என இரண்டு மாதிரி அத்தியாயங்கள் எடுத்தார்கள், இரண்டும் ஒளிபரப்பாகவில்லை. மூன்றாவதை சிபிஎஸ் சேனலுக்கு எடுத்தபோதும் கதை ஏறக்குறைய அதேதான். ஆர்ச்சியாக நடித்த கரோல் ஓ'கானரும் மனைவியாக நடித்த ஜீன் ஸ்டேப்பிள்டனும் மாறவில்லை. மகளுக்கும் மருமகனுக்கும்தான் ஆள் மாறியது. ஒளிபரப்புக்கு முன் சிபிஎஸ், இரண்டாம் அத்தியாயத்தை முதலில் போடலாம் என்றது. ஞாயிறு காலை மாடியிலிருந்து இறங்கி வரும் இளம் தம்பதியைப் பார்த்து ஆர்ச்சி அடிக்கும் வசனத்தையும் வெட்டச் சொன்னது. வெட்டினால் விலகிவிடுவேன் என்றார் லியர். 1971 ஜனவரி 12 அன்று வெட்டில்லாமல் வந்தது. வெறும் வசனகர்த்தாவாக இருந்திருந்தால், வெட்டிய சேதியே அவருக்கு டிவி பார்த்துத்தான் தெரிந்திருக்கும்.

கட்டுரை தொடாத இன்னொன்று படப்பிடிப்பு முறை. ஃபிலிமுக்குப் பதில் வீடியோ டேப். மேடை நாடகம்போல் அரங்கில் ரசிகர்கள். ஒரே அத்தியாயத்தை வெவ்வேறு ரசிகர்கள் முன் இரண்டு தடவை நடிப்பார்கள். முதல் தடவை சிரிப்பு விழாத இடத்தை இடைவேளையில் திருத்தி, இரண்டாவதில் சரிபார்ப்பார்கள். பிறகு இரண்டிலும் நன்றாக வந்த பகுதிகளை ஒட்டுவார்கள். சிரிப்பொலியைப் பின்னால் சேர்த்தால் நடிகருக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது. அடுத்த வசனம் சிரிப்புக்குள் மூழ்கிவிடும், இல்லையேல் வீணாக ஒரு மௌனம் விழும். எதிரே ஆள் உட்கார்ந்து சிரிக்கும்போது ஓ'கானர் முகத்தை அப்படியே நிறுத்தி, அலை அடங்கியதும் அடுத்த சொல்லை எடுப்பார். எந்தச் சிரிப்பொலி இயந்திரமும் இதைத் தராது.

புதுத் தொடர் தொடங்குவதிலும் இதே கவனம். மாட் என்ற பெண் பாத்திரம், ஆர்ச்சி வீட்டுக்கு விருந்தாளியாக வந்து தேறிய பிறகே 1972இல் தனித் தொடர் பெற்றது. பக்கத்து வீட்டு ஜெஃபர்சன் குடும்பத்துக்கு 1975இல் கிடைத்தது.

பண விஷயம் ஒரே ஒரு வார்த்தை. 1970இல் வந்த அரசு விதி, மறு ஒளிபரப்பு வருமானத்தில் சேனல்கள் கைவைப்பதைத் தடுத்தது. அதனால்தான் லியர் போன்ற தனித் தயாரிப்பாளர்கள் தங்கள் தொடர்களுக்குச் சொந்தக்காரர்களாக நிற்க முடிந்தது.

அடுத்த முறை இத்தகைய கட்டுரைகளில் 'தயாரிப்பாளர்' என்று வரும் இடத்தில், 'எழுத்துக்கும் பொறுப்பானவர்' என்று சேர்த்து வெளியிடுமாறு வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்கள்,
மதுரை