கேப்டனுக்கு: முதலில் ஃபில்டரைத் திறந்து பார்

அன்புள்ள கேப்டன்,

நலம். நீங்கள் எல்லோரும் நலம் என்று நீ அனுப்பிய படங்களிலேயே தெரிகிறது. உன் கடிதத்துக்கு இரண்டு மாதமாகப் பதில் போடாதது என் தப்புதான். வேலை என்று சொன்னால் நீ நம்பமாட்டாய், அதனால் உண்மையையே சொல்கிறேன். சின்னவனுக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று, அதற்கு நான்தான் காரணம் என்று தெரிந்தது. அவன் முழுக்கத் தேறிய பிறகு எழுதலாம் என்று இருந்தேன். தேறிவிட்டான். நேற்று மைதானத்துக்கும் போய்வந்தான்.

உன் கடிதத்தை நேற்று ராத்திரி மறுபடி எடுத்துப் படித்தேன். "குளிர்நீர்த் தொட்டி வாங்கிவிட்டேன், 8 டிகிரிக்கு வைத்திருக்கிறேன், தினமும் 3 நிமிஷம், இனி முழங்கால் என் பேச்சைக் கேட்கும்" என்று எழுதியிருக்கிறாய். சந்தோஷம். இறுதிப் போட்டியில் அந்த முழங்காலை வைத்துக்கொண்டு நீ அடித்த கோலைப் பற்றி நெட்டை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான், ஒவ்வொரு தடவையும் தூரம் ஐந்தடி கூடுகிறது. ஆனால் அதற்கு அடுத்த வரியில் என்ன எழுதியிருக்கிறாய் தெரியுமா? "சுடுதண்ணீர்த் தொட்டி மாதிரி இதற்கு மருந்து கிருந்து எதுவும் வேண்டாம், குளிரில் கிருமி ஏது?" அதைப் படித்ததும் தூக்கம் போய்விட்டது. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் தொட்டி 400 லிட்டர். பத்து நாள் வெளியூர் போனபோது மின்சாரம் வீண் என்று தண்ணீரைக் குளிர்விக்கிற சில்லர், பம்ப் இரண்டையும் அணைத்து, மூடியைப் போட்டுவிட்டுப் போனோம். திரும்பி வந்து மூடியைத் தூக்கினால் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. அடியில் கிடந்த ஒரு பட்டன்கூடத் தெரிந்தது. வாடையும் இல்லை. சில்லரைப் போட்டேன், மறுநாள் காலையில் 10 டிகிரி வந்துவிட்டது, நானும் சின்னவனும் இறங்கினோம். இரண்டு நாள் கழித்து அவன் இடுப்பைச் சுற்றியும் தொடையிலும், சரியாக டிராயர் ஒட்டியிருந்த இடத்தில், சிவப்புச் சிவப்பாகக் கொப்புளம். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு மயிர், நுனியில் சீழ். எனக்கு முதுகில் நாலைந்து.

டாக்டர் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வியே "எந்தத் தண்ணீரில் இறங்கினீர்கள்?" என்பதுதான். மயிர்க்கால்களில் வருகிற தொற்று, தொட்டித் தண்ணீரில் வளரும் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவால் பெரும்பாலும் வருவது என்றார். திடமான உடம்புக்காரர்களுக்குத் தானாகவே அடங்கிவிடுமாம். அவனுக்கு அடங்கப் பத்து நாளுக்கு மேல் ஆயிற்று.

அன்று சாயங்காலம்தான் ஃபில்டரைத் திறந்தேன், வாங்கிய பிறகு இரண்டாவது தடவையாக. மூடியைத் திருகியதும் சேற்று வாடை. உள்ளே இருக்கிற மடிப்புத் துணி உருளையை, அதாவது கார்ட்ரிட்ஜை, வெளியே எடுத்து மடிப்பை விரலால் விரித்தேன். வெள்ளையாக இருக்கவேண்டிய துணி அடிமடிப்பில் சாம்பல் நிறமாக, கஞ்சி படிந்த மாதிரி இருந்தது. கட்டைவிரலை வைத்தால் வழுக்குகிறது. இரண்டு மூன்று முடி அதற்குள் சுருண்டு கிடந்தது. தொட்டியின் உள்சுவரைத் தடவிப் பார்த்தேன், நீர்மட்டத்துக்குக் கீழே அங்கேயும் அதே வழவழப்பு. ஆனால் தண்ணீர் மட்டும் பளிங்கு!

அந்த வழவழப்புதான் பயோஃபிலிம். கிருமிகள் தாங்களே சுரந்து கட்டிக்கொள்கிற வீடு அது. அதற்குள் இருக்கும்வரை குளோரின் அவற்றை எளிதில் எட்டாது. குளிர் கிருமியைக் கொல்வதில்லை, அதன் வேகத்தைத்தான் குறைக்கிறது. ஃப்ரிட்ஜில் வைத்தது மெதுவாகக் கெடுகிறது, கெடாமல் இருப்பதில்லையே. நாங்கள் ஊரில் இல்லாத பத்து நாளில் தண்ணீர் வெதுவெதுப்பானது, மருந்தோ போடவேயில்லை, ஓட்டமும் நின்றது. பெருகவேண்டியது பெருகிவிட்டது. அதன்மேல் சில்லரைப் போட்டு நான் குளிரவைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

இப்போது உன் விஷயம். கடிதத்தின் கடைசியில் சில்லரைப் பற்றி ஒரு பக்கம் புலம்பியிருக்கிறாய்: 12 டிகிரிக்குக் கீழே இறங்கமாட்டேன் என்கிறது, நடுவில் நின்றுபோகிறது, நீரோட்டம் குறைவு என்று எழுத்து காட்டுகிறது. டேய், ஃபில்டரைத் திறந்து பார்த்தாயா? அதைப் பற்றி அந்தப் பக்கம் முழுக்க ஒரு வார்த்தை இல்லை. அடைத்துக்கொண்ட ஃபில்டர் வழியாகத் தண்ணீர் போகாவிட்டால் சில்லர் எதைக் குளிர்விக்கும்? இந்தத் தொட்டிகளில் ஃபில்டர் சீக்கிரம் அடைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எண்ணெய் குளிரில் உறையும். தோலில் இருந்து வருவது, தலையில் தேய்த்தது, கிரீம், எல்லாம் திப்பித்திப்பியாகி மடிப்பில் போய் ஒட்டிக்கொள்ளும். அதனால் நாங்கள் இப்போது சோப்புப் போட்டுக் குளித்து, அந்த நுரை நன்றாகப் போகும்வரை அலசிவிட்டுத்தான் இறங்குகிறோம். அந்த ஒரு பழக்கத்திலேயே ஃபில்டர் பாதிகூட அழுக்காவதில்லை.

சுத்தம் செய்வது பெரிய வித்தையில்லை. முதலில் பிளக்கைப் பிடுங்கு, சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. (மின்கசிவு வந்தால் தானாக இணைப்பைத் துண்டிக்கிற சாதனம் உன் லைனில் இருக்கிறதா? இல்லையென்றால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடு, அதுவரை இறங்காதே.) கார்ட்ரிட்ஜை நிறுத்தி, ஹோஸ் தண்ணீரைச் சாய்வாக, மேலிருந்து கீழே, ஒவ்வொரு மடிப்பாக அடித்துக்கொண்டு போ. அவசரப்பட்டு ஹை பிரஷர் மெஷினைக் காட்டிவிடாதே, இழை கிழிந்துவிடும். கம்பி பிரஷும் கூடாது. வாரம் ஒரு தடவை இது. மாதம் ஒரு தடவை, எண்ணெயைக் கரைக்கிற ஃபில்டர் கிளீனரில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டுவிட்டு, நுரை வருவது நிற்கும்வரை அலசவேண்டும். பாத்திரம் கழுவுகிற சோப்பில் ஊறப்போட்டால் மறுநாள் தொட்டி முழுக்க நுரைதான். சுண்ணாம்புக் கறைக்கு ஆசிட் போடுகிறவர்கள் உண்டு. எண்ணெய் போவதற்கு முன்னால் ஆசிட் பட்டால் அழுக்கு இழையோடு இறுகிவிடும், அப்புறம் எதற்கும் அசையாது. நான் இரண்டு கார்ட்ரிட்ஜ் வைத்திருக்கிறேன், ஒன்று ஓடும்போது மற்றது வெயிலில் முழுசாகக் காய்ந்துகொண்டிருக்கும். மடிப்பு தொங்கிப்போனாலோ, ஊறவைத்தும் நிறம் திரும்பாவிட்டாலோ தூக்கிப் போட்டுவிடு. திரும்ப மாட்டும்போது ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையத்தைத் துடைத்து, பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் ஒரு சுற்று தடவிப் பார். அது சற்று விலகினால்கூடப் பம்ப் காற்றை இழுக்கும்.

உன் தொட்டியில் கிருமியைக் கொல்ல ஓசோன் வாயு இருக்கிறது என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். நல்லதுதான், குளிர்ந்த தண்ணீரில் ஓசோன் அதிகமாகவே கரையும். ஆனால் அது சீக்கிரம் சிதைந்துபோகிற சரக்கு, புற ஊதா விளக்கோ தன்னைக் கடந்து போகிற தண்ணீரை மட்டும்தான் பார்க்கும். உன் முதுகு சாய்கிற சுவரை இரண்டும் காவல் காக்காது. தண்ணீருக்குள்ளேயே தங்கி நிற்கிற மருந்து ஒன்று வேண்டும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் நீச்சல்குளத்துக்குக் குறைந்தது 1 பிபிஎம் (லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்) குளோரின் என்கிறது, சூடான தொட்டிக்குக் குறைந்தது 3. நம்முடையது குளிர்தான், ஆனால் தண்ணீர் கொஞ்சம், ஆள் பெரிசு. அதனால் நான் 3-ஐ ஒட்டியே வைக்கிறேன். பிஎச் (தண்ணீரின் அமில-கார அளவு) 7.2-க்கும் 7.8-க்கும் நடுவில் இருக்கட்டும். 7.5-இல் குளோரினில் சுமார் பாதிதான் வேகமாகக் கொல்லுகிற வடிவத்தில் இருக்கும், 8-க்குப் போனால் ஏறக்குறைய கால்வாசி. அளவு சரியாகக் காட்டும், வேலை நடக்காது.

இங்கேதான் நான் இன்னொரு தடவை தவறினேன், நீயும் தவறிவிடாதே. பயத்தில் ஒரு டீஸ்பூன் குளோரின் பொடியைப் போட்டேன். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தால், 400 லிட்டருக்கு 1 பிபிஎம் ஏற்ற, டைகுளோர் என்கிற அந்தப் பொடி முக்கால் கிராமுக்கும் குறைவாகப் போதும். டீஸ்பூன் என்பது கிட்டத்தட்ட 7 பிபிஎம். நகை நிறுக்கிற மாதிரி ஒரு சின்னத் தராசு வாங்கிக்கொள். தண்ணீர் இருக்கிற குவளையில் பொடியைப் போட்டுக் கரைத்து, பம்ப் ஓடும்போது ஊற்று. அந்தப் பொடியோடு சயனூரிக் அமிலமும் சேர்ந்துகொண்டே போகும், அது கூடக்கூடக் குளோரினின் கை தளரும். தண்ணீரை மாற்றித்தான் அதைப் போக்கவேண்டும். குளோரினையும் ஆசிடையும் ஒருநாளும் ஒன்றாகக் கலந்துவிடாதே, விஷவாயு வரும். ஹைட்ரஜன் பெராக்சைடு போடுகிறவர்கள் குளோரின் போடக்கூடாது, இரண்டும் ஒன்றையொன்று தின்று தீர்த்துவிடும்.

தண்ணீர் எப்போது மாற்றுவது என்று கேட்பாய். சூடான தொட்டிகளுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு, நான் அதையே வைத்துக்கொண்டேன்: லிட்டரை ஏறக்குறைய 11-ஆல் வகுத்தால் எத்தனை தடவை ஆள் இறங்கலாம் என்று வரும். எங்களுக்குச் சுமார் 35. இரண்டு பேர் தினமும் இறங்கினால் இரண்டரை வாரம். வடிப்பதற்கு முன்னால் குழாய்க்குள் இருக்கும் பயோஃபிலிமைக் கழற்றுகிற மருந்தை ஊற்றிப் பம்பை ஓடவிட்டேன். மேலே மிதந்து வந்ததை உனக்கு விவரிக்க மனமில்லை.

வீட்டுச் செய்தி: பெரியவள் பரீட்சை முடித்துவிட்டாள். கோச்சுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, "ஆஃப்சைடு" என்று கத்துவதற்கு இப்போது காரணமே வேண்டியதில்லையாம். நீ ஒருநாள் போன் பண்ணு, எதிர்பார்க்கிறார்.

இதை எழுதத்தான் உட்கார்ந்தேன், கடைசிக்குத் தள்ளிவிட்டேன். அப்பாவையும் முழங்கால் வலிக்காகத் தொட்டியில் இறக்கப்போவதாக எழுதியிருந்தாயே. அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, பாதத்தில் அந்தப் புண் ஆறிவிட்டதா இல்லையா என்று நீ எழுதவில்லை. எங்கள் சின்னவனுக்குக் கொப்புளத்தோடு போனது, ஆறாத புண்ணுக்குள் போனால் அப்படிப் போகாது. அதுபோக, குளிர்ந்த தண்ணீரில் இறங்கிய முதல் நிமிஷத்தில் மூச்சு திணறும், இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறும். அந்த வயதில், இதயத்தைப் பார்த்த டாக்டர் சரி என்று சொல்லாமல் ஒரு கால்கூட வைக்க விடாதே. அப்பா ஆசைப்படுகிறார் என்று எனக்கும் தெரியும். என் பெயரைச் சொல்லு, என் மேல் கோபப்படட்டும்.

இந்தக் கடிதம் வந்த அன்றைக்கே பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்த கார்ட்ரிட்ஜை வெளியே எடு. ஒரு மடிப்பை விரித்துப் படம் எடுத்து அனுப்பு. அதுவரை யாரும் இறங்கவேண்டாம், நீயும்தான்.

உன்,
கோல்கீப்பர்