சென்னையில இருக்குற ஊர் சங்கங்களுக்கு: எங்ககிட்டயும் வரி வாங்குங்க

வந்தவாசி, செய்யாறு, போளூர், செஞ்சி, திண்டிவனம்னு எந்தப் பக்கத்துல இருந்து வந்திருந்தாலும் சரி, சென்னையில ஒரு ஊர் நலச் சங்கமோ, அட்லீஸ்ட் ஒரு வாட்ஸ்அப் குரூப்போ வச்சு நடத்துற அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும் வணக்கம். அக்கா தங்கச்சிங்களுக்கும்னு எழுதத்தான் கை வந்துச்சு, ஆனா எனக்குத் தெரிஞ்ச எந்த ஊர் சங்கத்து கமிட்டியிலயும் ஒரு பொம்பள பேர் இல்ல. அதுக்கு அப்புறம் வர்றேன்.

நான் வந்தவாசி பக்கம். ஊர்ப் பேரு வேணாம், சொன்னா "அந்த ஊர்லதான்பா அப்படி, எங்க ஊர்ல எல்லாரும் தாயா புள்ளையா இருக்கோம்"னு மத்த ஊர்க்காரங்க எல்லாம் நைசா நழுவிடுவீங்க. அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு கம்பெனியில அக்கவுண்ட்ஸ் பாக்குறேன். காலனிக்காரன், அதாவது ஊர்த்தெருவுக்கு வெளிய இருக்குற பட்டியல் சாதிக் குடியிருப்பு. இவ்வளவு போதும்.

விஷயம் சின்னதுதான். ஆடி மாசம் கூழ் ஊத்துறதுக்கும், பாரதக் கூத்து வைக்கிறதுக்கும், கும்பாபிஷேகத்துக்கும் குடும்பத்துக்கு இவ்வளவுன்னு தலைக்கட்டு வரி போடுறீங்க இல்ல, முன்னெல்லாம் ஊர்ல தெருத் தெருவா நோட்டு எடுத்துட்டு வந்து வாங்குவாங்க, இப்ப நீங்க இங்க வடபழனியிலயோ போரூர்லயோ ஒரு ஹால்ல உக்காந்து பேசி முடிச்சு குரூப்ல ஜிபே நம்பர் போட்டுடுறீங்க. அந்த வரிய எங்ககிட்டயும் வாங்குங்க. அதே தொகை, அதே ரசீது.

வெளிய இருந்து பாக்குறவங்களுக்கு இது விநோதமா இருக்கும். காசு குடுக்காம தப்பிச்சா நல்லதுதானே, எதுக்கு இவன் வலிய வந்து வரி கட்டுறேங்குறான்னு. ஊர்ல பொறந்தவங்களுக்குத் தெரியும். வரி கட்டுன தலைக்கட்டுதான் கணக்கு கேக்கலாம், சாமி எந்தத் தெரு வழியா போகணும்னு பேசலாம், அவனுக்குத்தான் பங்கு, அவனுக்குத்தான் மாலை மரியாதை. வரி வாங்கலன்னா நீ திருவிழாவுக்கு வேடிக்கை பாக்க வந்தவன், இல்ல மேளம் அடிக்க வந்தவன். காலனியில இருந்து மேளத்துக்கு ஆள் கூப்பிட மட்டும் எந்த வருஷமும் மறந்ததில்ல. எங்க தாத்தா, எங்க பெரியப்பான்னு ரெண்டு தலைமுறை அந்தக் கோயில் வாசல்ல அடிச்சிருக்காங்க, வாசலுக்கு வெளியவே நின்னு.

போன வருஷம் எங்க ஊர் சங்கத்துல ஒருத்தர்கிட்ட (நல்ல மனுஷன், பேர் எதுக்கு) நேரடியாவே கேட்டேன், அண்ணே நாங்களும் கட்டுறோம், எவ்வளவுன்னு சொல்லுங்கன்னு. அவர் சொன்னாரு, "அதெல்லாம் எதுக்கு தம்பி உங்களுக்கு சிரமம், காலனிக்கு எதாச்சும் செய்யணும்னா சொல்லு, சங்கத்துல இருந்து செஞ்சு தர்றோம்". பாருங்க, குடுக்குறதுக்கு ரெடி, வாங்குறதுக்குதான் கை வரல. நோட்டு புஸ்தகம், தீபாவளிக்கு வேட்டி சேலை, கொரோனா டைம்ல அரிசி மூட்டை எல்லாம் வந்துச்சு, இல்லன்னு சொல்லல, நன்றி கெட்டவன் இல்ல. ஆனா குடுக்குற கை எப்பவும் உங்களோடதாவே இருக்கணும்னா அந்த ஏற்பாட்டுக்கு நான் ஒத்துக்கல.

"நீங்களும் தனியா ஒரு சங்கம் ஆரம்பிச்சுக்கோங்க"ன்னு இன்னொரு தம்பி சொன்னாரு. ஆரம்பிக்கலாம், அது பெரிய கஷ்டம் இல்ல. ஆனா ஏரி மீன் ஏலம் விட்ட காசு எங்க போகுது? ரோட்டோர புளியமர ஏலம்? கோயில் கணக்குக்குப் போகுது. ஏரி பொதுச் சொத்து, சட்டப்படி பாத்தா அந்தக் காசு பஞ்சாயத்துக்கோ அரசாங்கத்துக்கோ போய்ச் சேர வேண்டியது. அதுல எங்களுக்கும் பங்கு இருக்குறப்ப, நான் தனியா ஒரு உண்டியல் வச்சுக்குறது எப்படி சமமாகும், சொல்லுங்க.

இதெல்லாம் மதுரைப் பக்கம் இருக்குற பிரச்சனை, நம்ம பக்கம் அவ்வளவு இல்லன்னு ஒரு பேச்சு இருக்கு. 1997ல மேலவளவுல பட்டியல் சாதிக்காரரான பஞ்சாயத்து தலைவர் முருகேசனையும் கூட இருந்தவங்களையும் வெட்டிக் கொன்னது மதுரை மாவட்டம். பாப்பாப்பட்டி, கீரிப்பட்டில 1996ல இருந்து பத்து வருஷம் பட்டியல் சாதிக்கு ரிசர்வ் ஆன பஞ்சாயத்துக்கு ஒழுங்கா எலக்‌ஷன் நடத்த விடாம வச்சிருந்ததும் அந்தப் பக்கம். சரி. தென்முடியனூர் எங்க இருக்கு? நம்ம திருவண்ணாமலை மாவட்டம். அறநிலையத்துறை கோயில், அதுக்குள்ள பட்டியல் சாதி ஜனங்க 2023 ஜனவரி 30ந்தேதி போனப்ப கலெக்டரும் எஸ்பியும் போலீஸ் படையோட கூட நிக்க வேண்டியிருந்துச்சு. மேல்பாதி விழுப்புரம் மாவட்டம், திரௌபதி அம்மன் கோயில், பட்டியல் சாதி ஜனங்க உள்ள போறதுல வந்த தகராறுல அதே 2023 ஜூன்ல பூட்டி சீல் வச்சாங்க. வாணியம்பாடிகிட்ட நாராயணபுரத்துல 2019ல சுடுகாட்டுக்குப் போக வழி விடலன்னு பாலத்து மேல இருந்து கயிறு கட்டி பொணத்த எறக்குன வீடியோவ நீங்களும் பாத்திருப்பீங்க, ஹைகோர்ட்டே தானா முன்வந்து கேஸ் எடுத்துச்சு. ஒவ்வொண்ணும் நம்ம ஊர்ல இருந்து ரெண்டு மூணு மணி நேர பஸ் தூரம்தான்.

கோயிலுக்குள்ள விடாதது, சுடுகாட்டுல தடுக்குறது, பொதுக் கிணத்துல தடுக்குறது எல்லாம் 1955 தீண்டாமை ஒழிப்புச் சட்டத்துலயே குத்தம். 1989 வன்கொடுமைச் சட்டம் அதுக்கும் மேல. நான் கேஸ் போடுறதப் பத்தி எழுதல. கேஸ் போட்டா தாசில்தார் வருவாரு, அமைதிப் பேச்சுவார்த்தைன்னு ஒண்ணு நடக்கும், ரெண்டு பக்கமும் கையெழுத்து போடுவோம், அப்புறம் காலனிப் பொண்ணுங்க ஊர்த்தெரு வழியா ஸ்கூலுக்குப் போறப்ப எவனாவது பைக்க குறுக்க விடுவான். போலீஸ் பாதுகாப்போட கும்புடுற சாமி ஒரு நாளைக்குத்தான். அதனாலதான் அரசாங்கத்துக்கு எழுதாம உங்களுக்கு எழுதுறேன். ஊர்ல இப்ப பணம் உங்களோடது. நீங்க சென்னையில இருந்து ஒரு வார்த்தை சொன்னா ஊர்ல இருக்குற பெரியவங்க மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டாவது கேப்பாங்க, ஏன்னா கூத்துக்கு லைட் செட்டுல இருந்து கோபுரத்துக்கு பெயிண்ட் வரைக்கும் அனுப்புறது நீங்க.

அதுவும் போக, சென்னையில நாம எப்படி இருக்கோம்னு ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க. எங்க ஊர்த்தெரு பையன் ஒருத்தன் இங்க எனக்கு பக்கத்து கம்பெனி. டீக்கடையில ஒரே பெஞ்சு, அவன் சிகரெட்டுக்கு நான் காசு குடுப்பேன், என் டீக்கு அவன் குடுப்பான், "மச்சி"ன்னுதான் கூப்பிடுவான். பொங்கலுக்கு கிளாம்பாக்கத்துல இருந்து ஒரே பஸ்ல அடிச்சு புடிச்சு சீட் போட்டு ஒண்ணாத்தான் போவோம். செங்கல்பட்டு தாண்டுற வரைக்கும் பேச்சு, சிரிப்பு. வந்தவாசி பஸ் ஸ்டாண்ட் வந்துச்சுன்னா அவன் மொபைல பாக்க ஆரம்பிச்சிடுவான். ஊர் ஸ்டாப்பிங்ல எறங்குனா அவன் சித்தப்பா பைக்கோட நிப்பாரு, இவன் என்னை யாருன்னே தெரியாத மாதிரி ஏறிப் போவான். அவன் மேல எனக்கு கோவம்கூட இல்ல, பயப்படுறான் பாவம். திரும்பி சென்னை வந்ததும் மறுபடி மச்சி.

காலனிய மட்டும் சொல்லி நிறுத்திட்டா அதுவும் நியாயமில்ல. உங்க நோட்டுல இல்லாதவங்க இன்னும் இருக்காங்க, எங்க நோட்டுலயும் இல்லாதவங்க இருக்காங்க. ஏரிக்கரையில இருக்குற இருளர் பழங்குடிக் குடும்பங்கள எடுத்துக்கோங்க. லீவு நாள்ல ஈசிஆர் போய் வடநெம்மேலி பாம்புப் பண்ணையில புள்ளைங்களுக்கு வேடிக்கை காட்டுறோம் இல்ல, 1978ல ஆரம்பிச்ச இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் அது, ஊர்ல நம்ம ஆளு யாரையாவது வயக்காட்டுல நல்ல பாம்பு கடிச்சா ஜிஎச்ல ஏத்துற மருந்துக்கு விஷம் எடுத்துக் குடுக்குறவங்க அவங்க. 2023ல அந்த சமூகத்துல ரெண்டு பேருக்கு, மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும், பத்மஸ்ரீ குடுத்தாங்க. அதே இருளருக்கு நம்ம ஏரிக்கரையில பட்டா கிடையாது, கரண்ட் கிடையாது, புள்ளைக்கு சாதி சான்றிதழ் வாங்கணும்னா ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) ஆபீஸுக்கு அலையணும் (எஸ்டி சர்டிபிகேட்ட தாசில்தார் தர முடியாது, அதுக்கு மேலதான் போகணும்), அட்வான்ஸ் வாங்கிட்டு செங்கல் சூளைக்கோ மரம் வெட்டவோ குடும்பத்தோட போனா கடன் தீர்ற வரைக்கும் வெளிய வர முடியாது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976ல. நம்ம ரெண்டு தெருவுலயும் ஒருத்தரும் அவங்க வீட்டு வாசலுக்குப் போய் வரி கேட்டதில்ல. காலனிக்காரங்களும் கேட்டதில்ல, அதையும் சேத்தே சொல்றேன்.

அப்புறம் அந்த பொம்பளைங்க விஷயம். தலைக்கட்டுன்னா கல்யாணம் ஆன ஆம்பள. புருஷன் செத்துட்டா சில ஊர்ல அரை வரி, சில ஊர்ல வரியே கிடையாது, கேட்டா "அந்தம்மாவுக்கு எதுக்கு சுமை"ன்னு சலுகை மாதிரி சொல்வாங்க. சலுகையோட சேந்து அந்த வீட்டுக்கு இருந்த பேச்சும் போச்சு. புருஷன் விட்டுட்டுப் போனவங்க, கல்யாணமே பண்ணிக்காம அப்பா அம்மாவ பாத்துக்குற பொண்ணு, திருநங்கைன்னு வீட்ட விட்டு தொரத்தினதால சென்னைக்கு வந்து இங்கயே சம்பாதிச்சு ஊர்ல அம்மாவுக்கு மாசாமாசம் பணம் அனுப்புறவங்க, இவங்க யாரும் தலைக்கட்டு கணக்குல வர மாட்டாங்க. தமிழ்நாட்டு உள்ளாட்சியில பொம்பளைங்களுக்கு பாதி இடம்னு 2016லயே சட்டம் கொண்டுவந்தாச்சு. தலைவர் சீட்டுல அவங்க வீட்டுக்காரர் உக்காருற கதை தனி. ஆனா பேருக்காவது போர்டுல பேர் இருக்கு, உங்க சங்கத்து லெட்டர்பேடுல அதுகூட இல்ல.

பணக் கணக்கு பேசுறவங்களுக்கு ஒண்ணு சொல்லிடுறேன், அக்கவுண்ட்ஸ் ஆளு இல்லையா. நமக்கு நாமே திட்டத்துல ஊர் மக்கள் மூணுல ஒரு பங்கு கட்டுனா மிச்சத்த அரசாங்கம் போடும். ஆதிதிராவிடர், பழங்குடி குடியிருப்புல செய்யிற வேலைன்னா அஞ்சுல ஒரு பங்கு கட்டுனா போதும். அதாவது பத்து லட்ச ரூபா வேலைக்கு ஊர்த்தெருவுல மூணே கால் லட்சத்துக்கு மேல கட்டணும், காலனியில ரெண்டு லட்சம். இவ்வளவு வருஷத்துல எத்தனை சங்கம் இந்த ரெண்டாவது கணக்க போட்டுப் பாத்திருக்கு? ஊர் எல்லையில ஆர்ச் கட்டுறீங்க, நல்லா இருக்கு, காலனியில சுடுகாட்டுப் பாதை மழைக் காலத்துல முட்டி அளவு சேறு. சாதி பாக்காத பொது மயானம் வச்சிருக்குற கிராமத்துக்கு பத்து லட்சம் ஊக்கத்தொகைன்னு அரசாங்கம் அறிவிச்சப்ப உங்க குரூப்ல யாராவது அத ஃபார்வேர்ட் பண்ணீங்களா? 2022 டிசம்பர்ல "நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி" திட்டம் வந்தப்ப மட்டும் எங்க ஊர் சங்கம் சுறுசுறுப்பா ஊர்த்தெரு ஸ்கூலுக்கு பெஞ்சும் டிவியும் வாங்கிக் குடுத்துச்சு. நான் படிச்ச ஆதிதிராவிடர் நலப் பள்ளி அதுல இருந்து கூப்பிடு தூரம். ஊர்ப் புள்ளைங்களும் அங்க சேரலாம், எந்த சட்டமும் தடுக்கல, சேர்றதில்ல அவ்வளவுதான். ஒரு மின்விசிறிகூட வரல.

அடுத்த ஆடிக்கு மீட்டிங் போடுறதுக்கு முன்னாடி நோட்ட திருத்துங்க. காலனி, ஏரிக்கரை, தனியா இருக்குற பொம்பளைங்க வீடு எல்லாம் முழுத் தலைக்கட்டா எழுதுங்க, முடியாதவங்க எவ்வளவு குறைச்சு குடுக்கலாம்னு அவங்களையே வச்சுப் பேசுங்க. மீட்டிங்கும் அந்தந்த சாதி மண்டபத்துல போடாம பொதுவா ஒரு இடத்துல போடுங்க, மாடியா இருந்தா லிஃப்ட் இருக்கான்னு பாருங்க, கால் நடக்க முடியாத ஆள் நம்ம ஊர்லயும் இருக்காங்க. ஏரி ஏலக் கணக்க எல்லாருக்கும் தெரியிற மாதிரி போடுங்க. பம்பைக்கும் மேளத்துக்கும் வழக்கம், மரியாதைன்னு சொல்லி அரிசியும் துண்டும் குடுக்காம லைட் செட்டுக்காரருக்கு குடுக்குற மாதிரி பேசின கூலிய குடுங்க, அடிக்க இஷ்டமில்லாதவன விட்டுடுங்க. ஊர்ல பெருசுங்க கத்துவாங்க, ஒரு வருஷம் திருவிழாவே நிக்கலாம், எனக்கும் தெரியும். மேல்பாதியில நின்னுச்சு. அந்த ஒரு வருஷத்துல எந்தப் பக்கம் நிக்கப் போறீங்கங்குறதுதான் கேள்வி.

இத படிச்சிட்டு ரெண்டு மூணு பேர் எனக்கு தனியா போன் பண்ணுவீங்க. "நீ சொல்றது கரெக்ட்டுதான் தம்பி, ஆனா இப்ப டைம் சரியில்ல"ன்னு. தனியா பேச வேணாம்ணே. என்ன சொல்லணுமோ அத குரூப்லயே போடுங்க, எல்லாரும் படிக்கட்டும். நாங்க யாரும் அந்த குரூப்ல இல்ல, அதனால மொதல்ல ஆட் பண்ணுங்க, அப்புறம் போடுங்க.